யார் வைத்த கட்டாயம், பூவு?

என் ஆசை மதினி ஞானப்பூவுக்கு,

கோபத்தில் எழுதுகிற கடிதமானாலும் முதல் வரியில் அன்பு இருக்க வேண்டும், அது எழுதுகிறவளுக்குத்தான் மரியாதை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ. அதனால்தான், ஊர் முறைக்கு மட்டுமே மதினியான உன்னை, ஆசை மதினி என்று போட்டிருக்கிறேன். பொய்யாகப் போட்டேன் என்று நினைத்துவிடாதே. ஆசை இல்லாத இடத்தில் இவ்வளவு கோபம் வராது, பூவு.

இந்தக் கடிதத்தை நான் மடித்து ஒளித்து வைக்கப் போவதில்லை. படிக்கத் தெரிந்த யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். ஒளித்து வைத்த கடிதங்கள் உன் தகரப்பெட்டியில் இருந்ததே போதும்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. போன ஐப்பசி மழையில் உனக்குக் குளிர்காய்ச்சல் கண்டபோது, உலகச் சண்டை நடப்பதால் கொய்னா மாத்திரை எங்கேயும் கிடைக்கவில்லை. உத்தமபாளையத்தில் நான் ஏறி இறங்காத கடை இல்லை. கடைசியில் ஒரு ராவுத்தர், தன் வீட்டுக்கென்று வைத்திருந்த நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். நான் வண்டியை விட்டு இறங்கும்போதே உன் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது. மறு வாரம் அந்த மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "வச்சுக்கத்தா, இன்னொரு உசுருக்கு ஆகும்" என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டார். முன்பின் தெரியாத மனுஷன்.

உனக்காக அப்படி ஓடினவள் நான் என்பதை முதலில் சொல்லி வைக்கிறேன். பின்னால் வருவதைப் படிக்கும்போது அது உனக்கு ஞாபகம் இருக்கட்டும்.

ஊர்ச் செய்தி கேட்பாயே. மண்ணெண்ணெய்க்குச் சீட்டு, சீனிக்குச் சீட்டு. உன் அண்ணன் வீட்டுத் திராட்சைப் பந்தல் இந்த வருஷம் நன்றாகக் காய்த்தது. ஆனால் ஏற்றிப்போக லாரி இல்லாமல் பாதி பந்தலிலேயே வாடிவிட்டது. கோவில் மணிக்குப் புதுக் கயிறு போட்டிருக்கிறார்கள். அப்புறம் இன்னொன்று, சிரிக்காதே: ஐந்தாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் இப்போது இங்கிலீஷ் எடுப்பது நான்தான். கணக்கும் தையலும் தவிர வேறு தெரியாத இதே சவரிதான்.

பள்ளிக்கூடத்து மதர் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பிள்ளைக்குப் பக்கத்துலயே இத்தன வருசம் ஒக்காந்திருந்தியே, கொஞ்சமாச்சும் ஒட்டியிருக்கும்ல?" என்று கேட்டார்கள். ஒட்டித்தான் இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து, தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாளுக்கு நாலு வாக்கியம் என்று நீ எனக்குப் படித்துக் காட்டிய இங்கிலீஷ். எதற்கடி எனக்கு இது, சோளக்காட்டுக்கு உரம் போடவா என்று நான் அலுத்துக்கொள்வேன். "என்னிக்காச்சும் ஒதவும்" என்பாய். உதவியது, பூவு. நீ சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்தான் உன்னை எனக்குக் காட்டிக்கொடுத்தது.

ஆடி மாதத்தில் அந்தப் பாடம் வந்தது. உனக்கு உயிரான பாடம், ஹேவ் டு. 'செய்ய வேண்டியிருக்கிறது' என்பதை இங்கிலீஷில் பிழையில்லாமல் சொல்லுகிற பாடம். நான், நீ என்றால் ஹேவ் டு. அவன், அவள் என்றால் ஹேஸ் டு. நேற்றையது என்றால் ஹேட் டு. பிள்ளைகள் அதே அர்த்தமுள்ள மஸ்ட்டையும் ஹேவ் டுவையும் சேர்த்தே எழுதிக்கொண்டு வரும். "ஒரு மாட்டுக்கு எதுக்குடி ரெண்டு மூக்கணாங்கயிறு?" என்று கேட்டு ஒன்றை அடிப்பாய்.

புத்தகத்தில் கொடுத்திருந்த உதாரணங்களை நீ தொட்டதே இல்லை. தாமஸ் என்று ஒருவன் வாசலில் விழுந்த பனிக்கட்டியை அள்ளிக் கொட்ட வேண்டியிருக்கிறது என்று இருக்கும். "நம்ம பிள்ளைக எங்கன போய் பனிக்கட்டியக் கண்டுச்சுக? கண்ணுல காணாதத எழுதப் பழகுனா கை பொய் சொல்லப் பழகிரும், சவரி" என்றாய். அதனால் உன் வகுப்பில் ஒரே ஒரு சட்டம். பொய் வாக்கியம் எழுதக் கூடாது. அவரவர் வீட்டில் நடப்பதைத்தான் எழுத வேண்டும். எழுதி வாசித்ததும் நீ ஒரு கேள்வி கேட்பாய்: யாரு வச்ச கட்டாயம்? அதற்குப் பதில் இருந்தால் வாக்கியம் சரி. இல்லையென்றால் அடித்துவிட்டு வேறு எழுத வேண்டும்.

சின்னமரி ஒரு தடவை, 'எங்கய்யா சாயங்காலம் சீட்டாடப் போக வேண்டியிருக்கிறது' என்று எழுதிக்கொண்டு வந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? யாரு வச்ச கட்டாயம் என்று கேட்டாய். "சேக்காளிக வச்ச கட்டாயம் டீச்சர்" என்றாள். பக்கத்து அறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த எனக்கே சிரிப்பு அடங்கவில்லை. நீ அவளுக்கு முழு மார்க் போட்டாய்.

அப்படி எழுதுவதில் ஊரிலுள்ள வீடுகளெல்லாம் உன் முன்னால் திறந்து கிடக்கும். ஆனால் வகுப்பில் கேட்டதை நீ வெளியில் ஒரு நாளும் பேசியதில்லை. ஊருக்கு இங்கிலீஷ் கடிதம் எழுதிக் கொடுத்ததும் நீதான். மலைத் தோட்டத்துத் துரைக்கு, சர்க்காருக்கு, ஆஸ்பத்திரிக்கு. எழுதியதற்குக் கூலியாக ஒரு சீப்பு வாழைப்பழமோ ஒரு படி கடலையோ வரும். அதில் பாதி என் வீட்டுக்கு வரும், கடிதத்தில் என்ன இருந்தது என்பது மட்டும் வராது. "எழுதுன கைக்கு வாய் கெடையாது" என்பாய். அதில் எனக்கு உன்மேல் எவ்வளவு பெருமை தெரியுமா? என் மதினி காதில் போட்டது கிணற்றில் போட்டது மாதிரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், கிறுக்கி.

இப்போது நோட்டு கிடைப்பதில்லை. காகிதத்துக்கு அத்தனை தட்டுப்பாடு. உன் அண்ணன் உன் தகரப்பெட்டியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்திருந்தார். பழைய நோட்டில் எழுதாத பக்கங்கள் இருந்தால் கிழித்துப் பிள்ளைகளுக்குக் கொடு என்று மதர் சாவியை என்னிடம் தந்தார்கள். வருஷத்துக்கு ஒன்றாக, நீ பாடக் குறிப்பு எழுதிய நோட்டுகள். நீ எந்த நோட்டையும் முன்பக்கத்திலிருந்து பாடத்துக்கும் பின்பக்கத்திலிருந்து கடித நகலுக்கும் வைத்துக்கொள்வாய். அது எனக்குத் தெரியும். அதனால் வெற்றுப் பக்கம் நடுவில்தான் இருக்கும் என்று நடுவிலிருந்து பிரித்தேன்.

எனக்குக் கல்யாணமான வருஷத்து நோட்டு அது. பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நடுவில் ஒரு தபால் உறை செருகியிருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில் ஒரு கடித நகல். உன் கையெழுத்து, கீழே இஞ்ஞாசி என்று என் வீட்டுக்காரர் பேர்.

ஒவ்வொரு சொல்லாக எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதும் வேலையிலிருந்தபோது இருமல் தொடங்கியது. ஆறு மாதமாகச் சளியில் ரத்தம் வருகிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. பதிலைப் பள்ளிக்கூடத்து ஆசிரியை ஞானப்பூ பேருக்கு அனுப்பவும். வடக்கே இருக்கும் சயரோக ஆஸ்பத்திரி டாக்டருக்கு எழுதிய கடிதம். உறைக்குள் டாக்டரின் பதில் இருந்தது. நோய் உறுதி. உடனே வந்து சேர வேண்டியிருக்கிறது. குறைந்தது ஆறு மாதம் படுக்கையில் இருக்க வேண்டியிருக்கும். கல்யாணப் பேச்சு எதுவும் இருந்தால் தள்ளிவைக்கவும்.

உறையின்மேல் இருந்த தபால் முத்திரைத் தேதியை எண்ணிப் பார்த்தேன். கணக்கு டீச்சர் அல்லவா? எங்கள் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்ததற்கு ஐந்து நாள் முன்னால் அந்தப் பதில் உன் கைக்கு வந்துவிட்டது.

தரையில் உட்கார்ந்துவிட்டேன், பூவு. பெட்டிக்குள்ளிருந்து கற்பூர வாசனை. வெளியே பிள்ளைகள் பாண்டி ஆடிக்கொண்டு சத்தம் போட்டார்கள்.

ஓலை வாசிக்கிற சமாச்சாரம் நம் கிறிஸ்தவ வேதத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பூசையில் சாமியார் பெண் பேரையும் மாப்பிள்ளை பேரையும் வாசிப்பார். இந்த விவாகத்துக்கு விக்கினம் ஏதாகிலும் இருப்பதாக அறிந்தவர்கள் அதை அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சொல்லி நிறுத்துவார். தன் ஓலையைத் தானே கேட்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். பெண் காலைப் பூசைக்கே போய்விட்டு வந்து வீட்டில் இருப்பாள். அவளுக்குப் பதில் நம்பிக்கையான ஒருத்தி பெரிய பூசைக்குப் போய்க் கேட்டு வந்து சொல்ல வேண்டும்.

என் காதுக்குப் பதிலாக நான் அனுப்பிய காது உன்னுடையது.

மூன்றாம் ஓலைக்கு நீ வந்ததை இன்னும் பார்க்க முடிகிறது. நான் உரலில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். முக்காட்டை இறக்கிவிட்டு நிலைப்படியில் நின்றாய். "என்ன ஆச்சுடி?" என்றேன்.

"சாமியார் வாசிச்சாக. கேட்டாக. ஒருத்தரும் வாயத் தெறக்கல, ஆத்தா. இனிமே நீ அவுக வீட்டுக்காரி."

அப்புறம் தண்ணீர் கேட்டு இரண்டு செம்பு குடித்தாய். வெயில் என்று நினைத்தேன்.

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லையாம். உன் வாயில் என்ன, கொழுக்கட்டையா இருந்தது? சாமியார் கணக்கில் நோய் விக்கினம் ஆகாது என்று நீ சொல்லலாம். இருக்கட்டும். கோவிலில் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் வீட்டு நிலைப்படியில் சாமியார் இல்லை, சனம் இல்லை. நீயும் நானும் உரலும்தானே இருந்தோம்?

என் வீட்டுக்காரர்மேல் கோபம் இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. அது வேறு கோபம். அவர் பயந்தார். இருபத்தெட்டு வயதில் சாகப் பயந்த மனுஷன், கல்யாணம் பண்ணினால் நோய் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பியிருப்பார். அவர் எனக்கு அன்னியமாக இருந்த நாளில் செய்த தப்பு அது. நீ அன்னியமா?

எனக்கு அதற்கு முன் இரண்டு சம்பந்தம் தட்டிப்போனது உண்மைதான். மூன்றாவதும் போனால் என் அய்யா தாங்க மாட்டார் என்று நினைத்தாயா? எழுதின கைக்கு வாய் கிடையாது என்று என் வீட்டுக்காரர் உன்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாரா? இரண்டில் எது? அல்லது இரண்டும் இல்லாமல், இன்று சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போய், சொல்ல முடியாத நாள் வந்துவிட்டதா? உன்னிடம் கேட்டால் உடனே பதில் வரும். எப்போதும் வரும். இதற்கு மட்டும் வராமல் போனது எனக்குத்தான் தண்டனை.

இன்னொன்று சொல்கிறேன், கேள். நீ சொல்லியிருந்தாலும் நான் அவரைத்தான் கட்டியிருப்பேன். பெண் பார்க்க வந்த அன்று, என் அய்யாவுக்கு இருமல் வந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் மொண்டு கொடுத்தாரே, அப்போதே முடிவு பண்ணிவிட்டேன். ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வாங்க, காத்திருக்கிறேன் என்று சொல்லியிருப்பேன். ஒருவேளை இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார். அந்த ஒரு வார்த்தை சொல்லும் வாய்ப்பை எனக்குத் தராமல் நீயே எடுத்துவைத்துக்கொண்டாய்.

இதையாவது விட்டுத்தள்ளுவேன். அவர் செத்த அன்று நடந்ததை என்னால் விட முடியவில்லை.

கல்யாணமாகி ஆறாவது வருஷம் அவர் போனார். கடைசி மூன்று மாதத்தில்தான் சயரோகம் என்று எனக்கும் என் மாமியாருக்கும் தெரிந்தது. அதுவரை மலைப் பனியால் வந்த இருமல் என்றும், தெரிந்த பிறகு புதிதாக வந்தது என்றும்தான் அவர் சொன்னார். சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது என் மாமியார் எல்லார் முன்னாலும் என் கையைத் தட்டிவிட்டார். "கல்லு மாதிரி இருந்தான் எம்புள்ள. இவ காலெடுத்து வச்ச நேரம் சீக்கு வந்து வாரிக்கிட்டுப் போயிருச்சு" என்றார். கூட்டம் தலையாட்டியது. நீ எனக்குப் பக்கத்தில் நின்றாய். என் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டு, "அழாதத்தா" என்றாய்.

அந்த நேரம் உன் தகரப்பெட்டியில் தேதி போட்ட கடிதம் இருந்தது.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். ஆறு வருஷமாக அந்தப் பழியை நான் சுமந்தேன். கல்லறைத் திருநாள்தோறும் மாமியார் அதே பாட்டைத் தொடங்குவார். ஊர் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும். நானே நம்பினேன், பூவு. யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போவதை விட்டேன். உன் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நீ வந்து இழுத்தாயே. "என் காலு வேணாம்டி" என்றேன். "போடி இவளே, படிச்சவ பேசுற பேச்சா இது? எல்லாம் மூடநம்பிக்கை" என்று திட்டினாய். மூடநம்பிக்கை என்று சொல்ல வாய் வந்தது. என்னிடம் அத்தாட்சி இருக்கிறது என்று சொல்ல வரவில்லை.

நோட்டுகளை வரிசையாக எடுத்து முன்பக்கத்தைப் புரட்டினேன். நீ வகுப்புக்கு முன்னால் கரும்பலகையில் எழுதப் போகிற வாக்கியங்களை நோட்டில் எழுதிப் பார்ப்பாய் அல்லவா? முதல் வருஷம், மூன்றாம் ஓலைக்கு முந்திய வெள்ளிக்கிழமை. மதர் சுண்ணாம்பு வாங்க வேண்டியிருக்கிறது. அண்ணன் மாட்டைத் தேவாரம் சந்தைக்கு ஓட்டிப்போக வேண்டியிருக்கிறது. நான் சவரியிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்றாவது வாக்கியத்தின் மேல் ஒரே ஒரு கோடு.

அடுத்த வருஷ நோட்டிலும் அதே பாடத்தில் அதே வாக்கியம், அதே கோடு. அதற்கடுத்த வருஷமும். அவர் இருந்த வரை ஒரு வருஷமும் தப்பவில்லை. அவர் போன வருஷத்தில் மட்டும் ஹேட் டு போட்டிருந்தாய். அந்த இடத்தில் அது தப்பு. ஹேட் டு என்றால் கட்டாயம் வந்தது, செய்து முடித்தேன் என்று ஆகும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். அதற்குப் பிறகு வந்த நோட்டுகளில் அந்த வாக்கியமே இல்லை.

நீ பொய் வாக்கியம் எழுத மாட்டாய். அது எனக்குத் தெரியும் என்பதால்தான் அதிகம் வலித்தது. மறந்துபோய்விட்டாய் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை நினைத்து, எழுதி, கோடு போட்டிருக்கிறாய். எழுதிவிட்டு அன்று மத்தியானமே என் தூக்குச்சட்டியிலிருந்து ஊறுகாய் எடுத்துத் தின்றிருப்பாய். அந்த டாக்டர் கடிதத்தையும் ஏன் எரிக்காமல் வைத்திருந்தாய்? என்றாவது என் கைக்கு வரட்டும் என்றா?

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் லூர்து பிறந்த மூன்றாம் மாதம் நீ அவளை உன் வீட்டுக்குத் தூக்கிப்போனாய். "பிள்ளைய அங்கன அவுக பக்கத்துல படுக்கப் போடாத. எங்கிட்டக் குடு, நான் பாத்துக்கிறேன்" என்றாய். கல்யாணம் ஆகாதவளுக்குப் பிள்ளை ஆசை என்று ஊர் சிரித்தது, நானும் சிரித்தேன். அஞ்சு வயது வரை அவள் தூங்கியதெல்லாம் உன் பக்கத்தில். பால் கொதித்ததா, சன்னல் திறந்திருக்கிறதா, அவர் தட்டைத் தனியாகக் கழுவினாயா என்று வந்து வந்து கேட்பாய். பெரிய டாக்டரம்மா என்று கேலி பண்ணுவேன். என் மகள் இன்று ஒரு இருமல் இல்லாமல் ஓடி ஆடுகிறாள். அது நீ போட்ட பிச்சை. அதற்கு நன்றி சொல்வதா, இவ்வளவு செய்யத் தெரிந்தவளுக்கு ஒரு வாய் வார்த்தை வரவில்லையே என்று வைவதா?

லூர்துவுக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. என் வகுப்பில்தான் இருக்கிறாள். அந்தப் பாடம் நடத்திய அன்று அவள் எழுதிய வாக்கியத்தை உனக்குச் சொல்ல வேண்டும். கல்லறைத் திருநாளில் என் அம்மா அழ வேண்டியிருக்கிறது. வகுப்பு வழக்கப்படி நானே கேட்டேன், யாரு வச்ச கட்டாயம் என்று. "அப்பத்தா வச்ச கட்டாயம்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவளும் தன் அப்பனை நான் கொண்டுபோனதாகக் கேட்டே வளர்ந்தவள்தானே.

அதற்கு மறு வாரம்தான் உன் பெட்டி என் கைக்கு வந்தது. கடிதத்தை அவளிடம் காட்டினால் என் பழி போகும். ஆனால் உன் பேர் போகும். பூவத்தை என்றால் அவளுக்கு உயிர். நீ போனபோது மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்த பிள்ளை. பதினோரு நாள் யோசித்தேன். பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடலாம், செத்தவளை ஏன் இழுக்க வேண்டும் என்று ஒரு நாள் தோன்றும். செத்தவளுக்காக இருக்கிறவள் ஏன் சாக வேண்டும் என்று மறுநாள் தோன்றும். பன்னிரண்டாம் நாள் உன் கடைசி நோட்டை எடுத்து, நீ எழுதாமல் விட்ட இடத்தில் நானே எழுதினேன். நான் லூர்துவிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. கோடு போட்டுவிட்டால் நானும் நீயும் ஒன்றுதான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம், உன் அண்ணன் வீட்டுப் பந்தலுக்கு அடியில் அவளை உட்கார வைத்து, நகல் இருந்த நோட்டையும் டாக்டர் கடிதத்தையும் கையில் கொடுத்தேன். தெரியாத சொல்லுக்கு மட்டும் அர்த்தம் சொன்னேன். விரலை வைத்து வைத்துப் படித்தாள். தேதியை இரண்டு தடவை பார்த்தாள். நகலைப் பார்த்ததும், "அம்மா, இது பூவத்த எழுத்துல்ல? ஜி-க்கு வாலு இப்பிடித்தான போடுவாக" என்றாள்.

"ஆமா."

"அப்ப அய்யாவுக்கு நீ வர்றதுக்கு முன்னாடியே சீக்கா?"

"முன்னாடியே."

"அப்பத்தா சொல்றதெல்லாம் பொய்யா?"

"அவுகளுக்குத் தெரியாது, லூர்து. தெரியாம சொல்றது பொய்யாகாது."

நகலை இன்னொரு தடவை விரலால் தொட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "பூவத்தைக்குத் தெரியும்ல?"

அங்கே நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எழுதிக் கொடுத்தாளே தவிர அவளுக்கு விவரம் புரிந்திருக்காது என்று சொல்லியிருந்தால் பிள்ளை நம்பியிருப்பாள். நாக்கு நுனி வரை வந்தது, உனக்காக.

"தெரியும்" என்றேன்.

"அதுனாலதான் என்னய அவுக வீட்டுலயே படுக்க வச்சுக்கிட்டாகளா?"

"அதுனாலதான். அதுனாலதான் நீ நல்லா இருக்க."

கடிதத்தை மடிப்புக் கலையாமல் மடித்து உறையில் போட்டாள். நீ சொல்லிக்கொடுத்த மடிப்பு. என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"எனக்கு அம்புட்டும் செஞ்சாக. ஒனக்கு ஒரு வார்த்த சொல்லலையேம்மா. ஏன்?"

அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் செத்த அன்றுகூட அழாத அழுகை அழுதேன். அந்தக் கேள்வியை உனக்கு அனுப்பத்தான் இவ்வளவு நீளக் கடிதம். என் கேள்வியாக இருந்தால் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருப்பேன். இது நீ வளர்த்த பிள்ளை கேட்கிற கேள்வி.

வருகிற கல்லறைத் திருநாளில் மாமியார் வழக்கம்போலத் தொடங்குவார். இந்தத் தடவை நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்க மாட்டேன். டாக்டர் கடிதத்தைத் தமிழில் வாசிப்பேன். இங்கிலீஷில் இருப்பதை நீ என்ன வேண்டுமானாலும் படிப்பாய் என்று அவர் சொன்னால், லூர்துவை வாசிக்கச் சொல்வேன். எழுதியது யார், மறைத்தது யார் என்று கேட்டால் உன் பேரைச் சொல்வேன். சொல்லிவிட்டு, எல்லாரும் பார்க்க, உன் கல்லறைக்கு நடந்து வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவேன். அங்கே யாராவது, இவளுக்கு நீ எதற்கு ஏற்றுகிறாய், யார் வைத்த கட்டாயம் என்று கேட்டால், ஒருத்தரும் வைக்கவில்லை என்பேன்.

அடுத்த ஆடியில் அந்தப் பாடம் மறுபடி வரும். என் நோட்டில் கோடு போட்ட வாக்கியம் ஒன்றுகூட இருக்காது. இது உன்மேல் சத்தியம்.

இத்தனைக்குப் பிறகும் உன் மதினிதான்,
லூர்துவின் அம்மா சவரி